கலயத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு: திருச்செந்தூர்க் கரையின் பனைக் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

அக்டோபர் பிறந்தால் போதும், நம்ம ஃபோனில் ஒரே மாதிரி வீடியோக்கள் வரிசை கட்டி வரும். கலிஃபோர்னியாவிலோ இத்தாலியிலோ ஒரு திராட்சைத் தோட்டம், மஞ்சள் வெயில், கையில் ஒயின் கிளாஸ். அடுத்த காட்சியில் விவசாயிகள் சந்தை: பூசணிக்காய், ஆப்பிள், வீட்டில் செய்த ஜாம். பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் சிலர் நாசிக் பக்கம் டிக்கெட் போடுகிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான். அக்டோபரில் போனால் இலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, நம்ம ஊரில் இதற்கு இணையாக என்ன இருக்கு? அந்த மண்ணிலேயே விளைந்து, அங்கேயே இறக்கி, அங்கேயே பக்குவம் செய்து, பக்கத்துச் சந்தையில் விற்கிற ஒரு பானம்? இந்த எபிசோடில் நான் பேசப்போவது திருச்செந்தூர். முருகன் கோயில் கோபுரத்திலிருந்து தெற்கே ஒரு இருபது கிலோமீட்டர்: குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு. செம்மண் தேரியும் பனங்காடும் கடலும் ஒட்டிக் கிடக்கிற துண்டு. அங்கே திராட்சைத் தோட்டம் கிடையாது. பனைதான் தோட்டம்.

திராட்சைக்குக் கிடைத்த வாழ்க்கை பனைக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய கதை. அதில் கடல் வணிகம் வருகிறது, ஒரு புனிதர் வருகிறார், ஒரு குட்டி ரயில் வருகிறது. இன்றைக்கு நாம ஹோட்டல் பில்லில் பார்க்கிற வரியின் முன்னோரும் வருகிறார்.

முதலில் ஒயின். இந்தக் கரைக்கு ஒயின் புதுசு இல்லை. திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில் கொற்கை என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாக இருக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அதுதான் பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேட்டில் இந்த ஊர் வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே முத்துக் குளித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். முத்தின் பளபளப்புக்குப் பின்னால் யார் மூச்சு போனது என்று அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறார்.

அதே கையேட்டில், மேற்குக் கரைத் துறைமுகங்களான முசிறிக்கும் நெல்கிண்டாவுக்கும் வந்த இறக்குமதிப் பட்டியலில் ஒயினும் இருக்கிறது, அளவு அதிகம் இல்லை என்ற குறிப்போடு. நம்ம பக்கத்துச் சாட்சி புறநானூறு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் ஒரு பாட்டில், யவனர்கள் கொண்டுவந்த மணமுள்ள மதுவை நீ தினமும் குடித்து மகிழ்ந்திரு என்கிற செய்தி வருகிறது. இறக்குமதிச் சரக்கு ராஜாவுக்கு. இது அன்றைக்கும் அப்படித்தான் போல.

மற்றவர்கள் குடித்தது கள். சங்கப் பாடல்களில் கள் சர்வ சாதாரணம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புலம்பலில் முதலில் அவருக்கு ஞாபகம் வருவதே அவன் தன்னோடு பகிர்ந்துகொண்ட கள்தான். அதற்கு நேர் எதிராக, கள்ளுண்ணாமை என்று திருக்குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது. கள்ளைப் பற்றிய தமிழர்களின் சண்டை ட்விட்டர் காலத்தில் ஆரம்பித்தது கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அங்கிருந்து ஒரே தாவலாக 1542. அந்த வருஷம் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வருகிறார். பரதவர்கள் சில வருஷம் முன்னால்தான் போர்ச்சுகீசியர் பாதுகாப்பை ஏற்று கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள். சவேரியார் புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி என்று கரையோரமாகவே நடந்து வேலை செய்தார். மணப்பாட்டில் கடலைப் பார்த்த குன்றின் அடியில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகையை இப்போதும் போய்ப் பார்க்கலாம். தன்னுடைய உதவியாளர் மான்சிலாஸுக்கு 1544-ல் அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஜெபத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஊரில் சாராயம் குடிக்கும் பெண்களைப் பிடித்தால் பணம் தண்டம், கூடவே சிறை என்று நிர்வாக உத்தரவு போடுகிறார். குடிக்கும் ஆண்களுக்கு அதே தண்டனையா என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உத்தரவு பெண்களைக் குறிவைத்துத்தான் இருக்கிறது.

அதாவது, மெட்ராஸ் அரசாங்கம் மதுவிலக்கு என்று யோசிப்பதற்கு நானூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கரையில் ஒரு சின்ன மதுவிலக்கு நடந்திருக்கிறது.

இப்போ மரத்துக்கு வருவோம். பனையை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது வெறும் உயரமான மரம். அதற்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. தை, மாசி வாக்கில் பாளை விடும். பனையேறி மேலே போய் அந்தப் பாளையைக் கடிப்பு என்ற கருவியால் இடுக்கி நசுக்கி, நுனியை மெல்லியதாகச் சீவி, அடியில் ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சீவிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். மறுபடி ஏறிச் சீவாவிட்டால் காயம் ஆறி, வடிவது நின்றுவிடும். அதனால் காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். ஒரு ஆள் முப்பது, நாற்பது மரம் பார்ப்பார். ஐம்பது, அறுபது அடி உயரம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, அவ்வளவுதான் பாதுகாப்பு.

அந்தச் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை. காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இது விருந்து. கலயத்தில் விழுந்த நிமிஷத்திலிருந்து புளிக்க ஆரம்பித்துவிடும். யாரும் எதுவும் சேர்க்க வேண்டாம், ஆலை வேண்டாம், பீப்பாய் வேண்டாம். சில மணி நேரத்தில் நுரை கட்டி, பியர் அளவுக்குப் போதை உள்ள கள் ஆகிவிடும். விட்டுவைத்தால் அடுத்த நாள் வினிகர் மாதிரி புளிக்கும். ஒயின் போல இதை வருஷக்கணக்கில் பாதாள அறையில் வைத்து விலை ஏற்ற முடியாது. அன்றைக்கு இறக்கினதை அன்றைக்கே, அந்த ஊரிலேயே குடிக்க வேண்டும். லோக்கல் என்ற வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான பானம் இருக்க முடியாது.

இதைப் புளிக்காமல் நிறுத்த ஒரே வழி, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்யாது. சாறு இனிப்பாகவே நிற்கும். அதுதான் பதநீர். ஆக, கள்ளும் பதநீரும் ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள் சிந்திய வியர்வை. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. இந்த ஒரு விரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி சட்டம் வந்து இதே இடத்தில்தான் கோடு போடும்.

பதநீரை மரத்தடியிலேயே பனை ஓலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டுக் குடிப்பது ஒரு சுகம். மிச்சமெல்லாம் அடுப்புக்குப் போகும். தோப்புக்குள்ளேயே ஓலை வேய்ந்த குடிசை போட்டிருப்பார்கள், விடிலி என்று பெயர். அங்கே காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். ஆண் மரத்தில் ஏறுவதை எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். சித்திரை வெயிலில் அடுப்புப் புகையில் மணிக்கணக்காகக் கிண்டுகிற அம்மாவை யாரும் எடுப்பதில்லை. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். பாகு முற்றிக் கூப்பனி பதத்தைத் தாண்டியதும், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அரை உருண்டை வடிவம் சிரட்டையிலிருந்து வந்தது. பாகைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கி, அசைக்காமல் நாற்பது நாள் போல வைத்தால் படிகம் கட்டும். அது பனங்கற்கண்டு.

பழைய திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளில் பனையேறிகள் பெரும்பாலும் நாடார் சமூகத்தினர். வெளியிலிருந்து வந்த அதிகாரிகளும் பாதிரிகளும் அவர்களை ஒட்டுமொத்தமாகக் கள் இறக்குபவர்கள் என்று எழுதி வைத்தார்கள். பனையேறிகளுக்கு இது பெரிய மனக்காயம். இந்தப் பகுதியில் மரம் ஏறியது பெரும்பாலும் கருப்பட்டிக்காக. பதநீர்தான் ஏறுகிற ஆறு மாதமும் அந்த வீடுகளின் காலைச் சாப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849-ல் இந்தச் சமூகத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். பனைத் தொழிலைப் பற்றி அதில் உருப்படியான விவரங்கள் உண்டு. ஆனால் அந்த மக்களை அவர் சித்திரித்த விதம் அவ்வளவு இழிவாக இருந்ததால், அதைப் படித்து வளர்ந்த அடுத்த தலைமுறை பொங்கி எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தது. பனை ஏறுவது உழைப்பாக இருந்தும் அவமானமாகப் பார்க்கப்பட்டது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் மக்கள் செய்த முதல் வேலை, பிள்ளைகளை மரத்தில் ஏறவிடாமல் பள்ளிக்கூடத்துக்கோ கடைக்கோ அனுப்பியது. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

இப்போ அந்தக் குட்டி ரயில். சென்னையில் பாரிமுனை தெரியும், இல்லையா? அந்தப் பாரி கம்பெனி குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை வைத்திருந்தது. கரும்புக்கு இல்லை, பனைக்கு. சுற்று வட்டாரக் கருப்பட்டியைச் சுத்தம் செய்து சர்க்கரை ஆக்குகிற ஆலை. சரக்கைக் கொண்டுவர 1915 வாக்கில் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு ரயிலே ஓட விட்டார்கள். குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. டார்ஜிலிங் பொம்மை ரயிலும் அதே அகலம்தான். தேரி மணலுக்கும் பனைக்கும் நடுவே கருப்பட்டியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயில் ஊர்ந்து போவதை நினைத்துப் பாருங்க. 1940-ல் அது மூடப்பட்டது. கரும்புச் சர்க்கரையின் விலைக்கு முன்னால் பனையால் நிற்க முடியவில்லை. கரும்பைக் கத்தியால் வெட்டி லாரியில் ஏற்றலாம். பனையில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு மனுஷன் ஏற வேண்டும். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் பல காலம் ஆகிறது. இன்றைக்குக் குலசையில் வேறு வாகனம்: 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

அரசாங்கத்துக்குக் கருப்பட்டியில் சுவாரசியம் கம்மி. காசு கள்ளில் இருந்தது. 1886-ல் மெட்ராஸ் அப்காரி சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மாகாணத்தின் வருமானத்தில் மது வரி மிகப் பெரிய பங்கு. அதனால்தான் காங்கிரஸ்காரர்கள் 1921-ல் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தார்கள். குடியை ஒழிப்பதும் வெள்ளைக்காரன் கல்லாவில் கை வைப்பதும் ஒரே போராட்டமாகிவிட்டது. ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் மறியலில் முன்னால் நின்றது அப்போதுதான்.

1937-ல் ராஜாஜி பிரதமர் ஆகிறார். அன்றைக்கு மாகாண முதல்வருக்கு அந்தப் பெயர்தான். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. கல்லாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே பொது விற்பனை வரி முதன்முதலாக வந்தது இங்கேதான். நீங்க இன்றைக்குக் காபி பில்லில் பார்த்துச் சலித்துக்கொள்கிற ஜிஎஸ்டிக்குத் தாத்தா அவர். அந்தத் தாத்தா பிறந்தது கள்ளுக்கடையை மூடினதால்.

1948 அக்டோபர் 2, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. திருச்செந்தூர்ப் பனங்காட்டுக்கும் சட்டம் வந்துவிட்டது. இப்போ அந்த ஒரு விரல் சுண்ணாம்புக்கு வருவோம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இருப்பது உணவு. தடவாத கலயத்தில் இருப்பது குற்றம். பதநீர் இறக்க உரிமம் வாங்க வேண்டும். சுண்ணாம்பு கம்மியாகி லேசாகப் புளித்துவிட்டால், அது கவனக்குறைவா கள்ளா என்று தீர்மானிப்பவர் மரத்தடியில் லத்தியோடு நிற்பவர். சுண்ணாம்பை அதிகம் போட்டால் பதநீர் கரிக்கும், கருப்பட்டி கெடும். கம்மியாகப் போட்டால் வழக்கு. உலகத்தில் எந்தத் திராட்சை விவசாயியாவது பழம் புளித்ததற்காகக் காவல் நிலையம் போயிருப்பாரா?

குடியின் பாதிப்பைச் சின்னதாகக் காட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கள்ளுக்கடை இருந்த காலத்தில் கூலியைக் கடையில் விட்டுவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போன ஆண்களும், அந்த வீட்டில் அடி வாங்கின பெண்களும் உண்மை. கள்ளில் போதை ஏற்ற ரசாயனம் கலந்ததும் உண்மை. மதுவிலக்கைக் கேட்டதில் பெண்களின் குரல் பெரியது. கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்குத் தளர்ந்து கடைகள் திறந்தன. 1973-ல் கள்ளுக்கடை, 1974-ல் சாராயக்கடை மறுபடி மூடல். 1981-ல் எம்ஜிஆர் ஆட்சியில் திறப்பு. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. பாட்டில் மது தொடர்ந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஆக, தமிழ்நாட்டில் இன்றைக்கு ஆலையில் செய்த பிராந்தி சட்டப்படி கிடைக்கும். மரத்தில் வடிந்தது கிடைக்காது. எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் கள்ளுக்கடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து மீன் கறியும் கப்பையும் சாப்பிடுகிறார்கள். நம்ம ஊர்க்காரர்களும் அதற்காகவே டூர் போகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனங்கள் சட்டப்படியான தொழில். பருத்தித்துறைப் பக்கம் திக்கத்தில் பனஞ்சாராயம் வடிக்க வடிசாலையே கட்டினார்கள்.

இந்தத் தடையை எடுக்கச் சொல்லி நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் பல வருஷமாகக் குரல் கொடுக்கிறது. 2025 ஜூனில் திருச்செந்தூருக்குத் தெற்கே பெரியதாழையில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார். எதிர்த்தும் அதே அளவு சத்தம் வந்தது. அரசியலை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்க. என் அபிப்பிராயம் ஒன்றுதான்: கள் வேண்டுமா வேண்டாமா என்று மேடையில் கத்துகிற இரண்டு தரப்பும், பதநீர் இறக்குகிறவருக்கு இன்றைக்கு என்ன கூலி நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பது அபூர்வம்.

அந்தக் கணக்கை நாம பார்ப்போம். ஒரு கிலோ கருப்பட்டிக்குத் தோராயமாக எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். ஒரு மரம் நாளுக்கு இரண்டு லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் நான்கு மரம். காலை, மாலை என்று எட்டு ஏற்றம். மரம் ஐம்பது அடி என்றால் நானூறு அடி மேலே, நானூறு அடி கீழே. நாற்பது மாடிக் கட்டிடத்தின் உயரம், படிக்கட்டும் லிஃப்டும் இல்லாமல். பிறகு விறகு, பல மணி நேரம் அடுப்பு. இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் ஒரு கிலோ, கடையில் வெள்ளைச் சீனியைவிடக் கொஞ்சம்தான் விலை கூட என்றால் அதற்குள் என்ன இருக்கும்? சீனிதான் இருக்கும். சீனிப்பாகைக் கலந்து சிரட்டையில் ஊற்றுகிற வேலை அந்த வட்டாரத்திலேயே நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது பிடித்து அழிக்கவும் செய்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தக் குறியீடு பெயரைக் காக்கும், சட்டிக்குள் ஊற்றுவதைக் காக்காது.

சரி, இந்த ஐப்பசியில் நீங்க அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்ம பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். போவதற்கு நல்ல நேரம். புரட்டாசியில் குலசை முத்தாரம்மன் தசரா, காளி வேஷம் குரங்கு வேஷம் என்று ஊரே வேஷம் கட்டித் திரியும். ஐப்பசியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். இரண்டுக்கும் நடுவில் கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும், வெயிலும் அடங்கியிருக்கும். ஆனால் பதநீர் கேட்காதீங்க. சீசன் ஆடியோடு முடிந்துவிடும். ஐப்பசியில் ரோட்டோரம் ஒருவர் பதநீர் என்று விற்றால், அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்க.

கூதிரில் கிடைப்பது சேமித்து வைத்த கோடை. கோயில் தெருக் கடைகளில் சில்லுக்கருப்பட்டி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட சுக்குக்கருப்பட்டி, பனங்கற்கண்டு, ஓலைக் கொட்டானில் கட்டிய பொட்டலங்கள். சந்தையில் ஆத்தூர் வெற்றிலையையும் பாருங்க. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் உள்ள ஆத்தூர்தான், 2023-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கொடி.

கருப்பட்டி வாங்கும்போது கோடையில் காய்ச்சியதா என்று கேளுங்க. உடைத்துப் பாருங்க. அசல் கருப்பட்டி உள்ளே சீராக இல்லாமல், கொஞ்சம் ஈரத்தோடும் கரகரப்போடும் இருக்கும். நாக்கில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்பும் புகையும் தெரியும். மழைக்காலத்தில் அது கசிந்து இளகும். வீட்டுப் பாட்டிகள் அதற்காகவே அடுக்களையில் புகை படுகிற பரணில் வைத்திருப்பார்கள். மழையிலும் கண்ணாடி போலப் பளபளவென்று கல்லாக இருந்தால் சந்தேகப்படலாம். முடிந்தால் கடையைத் தாண்டி, காய்ச்சுகிறவர்களிடமோ அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்க. ஒன்றுக்கு மூன்றாக விலை சொன்னாலும், அந்த நாற்பது மாடியை நினைத்துக்கொள்ளுங்க. பேரம் வராது.

இன்னொன்று. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை, 1978-லிருந்து. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை நடுவதாகச் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. நல்ல விஷயம். ஆனால் இன்று நட்ட விதை பாளை விட பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அன்றைக்கு மரம் இருக்கும். ஏறத் தெரிந்தவர் இருப்பாரா? இப்போ ஏறுகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாளையை எந்த நாளில் இடுக்க வேண்டும், எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும், கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு என்பதெல்லாம் கையில் இருக்கிற அறிவு. யூடியூப் பார்த்து ஐம்பது அடி உயரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. சில படித்த இளைஞர்கள் மரத்துக்குத் திரும்பி வந்து பனையேறி என்ற சொல்லைப் பெருமையோடு போட்டுக்கொள்கிறார்கள். எண்ணிக்கை கம்மிதான். அவர்கள் நிலைக்க வேண்டுமென்றால் ஏறுகிற ஆறு மாத வருமானம் பன்னிரண்டு மாதம் வர வேண்டும். அதைத் தீர்மானிப்பது கருப்பட்டி விலை.

கூதிர்காலத்தில் பனங்காட்டுக்குள் நடந்தால் மேலே ஒன்றும் நடக்காது. கலயங்கள் இறங்கியிருக்கும், விடிலி காலியாக இருக்கும். வேலை தரைக்குள் நடக்கும். ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, மணலில் மேடு கட்டிப் புதைத்திருப்பார்கள். மழை விழ விழ அது கீழ்நோக்கி முளை விடும். மார்கழிக் கடைசியில் தோண்டினால் கிழங்கு. பொங்கலுக்கு அது நம்ம தெருமுனைக்கே கட்டுக் கட்டாக வரும். அதைத் தொட்டடுத்துப் பாளை சீசன். முதல் பதநீரை ஓலைப் பட்டையில் குடிக்க ஆசை இருந்தால் மாசி, பங்குனிக்குத் திருச்செந்தூர் டிக்கெட் போடுங்க. காலை எட்டு மணிக்குள் தோப்பில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் சுண்ணாம்பாலும் அதை நிறுத்தி வைக்க முடியாது.